அடுத்தவர் வயலுக்கு வேலி

வெற்றியைப் பார்க்கத்தான் என்னை மாத்தளைக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கத்து வெற்றிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அவை பெரும்பாலும் தகரப் பலகையில் இருக்கும். பலகையில் ஒரு யானை, அதன் தும்பிக்கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை, கீழே பணம் கொடுத்தவர்களின் சின்னங்கள் வரிசையாக. பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் வேலிக் கம்பியில் யாராவது பாவாடை காயப் போட்டிருப்பார்கள்.

கோயம்புத்தூரில், மலையடிவாரத்து ஊர்களுக்காக வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்பில் இருக்கிறேன். இலங்கையில் மாத்தளை மாவட்டத்தில் ஊர்மக்களே யானைவேலியைப் பராமரிக்கும் திட்டம் ஒன்று அமோகமாக நடக்கிறதாம். அது ஏன் வெற்றி பெற்றது என்று ஆராய ஒரு குழு போகிறதாம். தமிழ் தெரிந்த ஒருத்தி வேண்டுமாம். வெற்றி என்று முதலில் முடிவு கட்டிவிட்டு, பிறகு காரணம் தேடக் கிளம்பியிருந்தார்கள். பெண் பார்க்கும் முன்பே பத்திரிகை அடிக்கிற வேலைதான். ஆனாலும் போனேன். எங்கள் ஊர்களில் வேலி என்று நாங்கள் போட்டதெல்லாம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. எங்கேயாவது உண்மையிலேயே ஒரு வேலி நிற்கிறதென்றால் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

குழுத் தலைவர் பெங்களூர்க்காரர். எல்லோரும் அவரை டாக்டர் என்றார்கள். யானைக்கா மனிதர்களுக்கா என்று கேட்டேன். சமூகவியல் என்றார். பாவம், நல்ல மனிதர்தான். ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

முதல் நாள் மாத்தளை டவுனில் ஒரு மண்டபத்தில் பயிலரங்கு. திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் சிவநேசன் வாசலிலேயே நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், உத்தியோகம் நிமித்தம் இங்கே வந்து தலை நரைத்தவர். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், எல்லாம் ஒழுங்கு செய்தாச்சு," என்றார். அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடனே யோசனை வந்துவிடும்.

திரையில் வட்டங்கள் வந்தன. நடுவட்டத்துக்குச் சமூகம் என்று பெயர். அதற்குள் குச்சி மனிதர்கள் கைகோத்து நின்றார்கள். அந்தக் குச்சி மனிதர்களுக்குள் வாய்க்கால் தகராறு கிடையாது, கல்யாணத்துக்கு அழைக்கவில்லை என்ற கோபம் கிடையாது, ஒருத்தன் மாடு இன்னொருத்தன் வயலில் மேய்ந்த கதை கிடையாது. அப்படி ஓர் ஊர் இருந்தால் யானையே கூச்சப்பட்டு ஒதுங்கிப் போய்விடும். வட்டங்களுக்கு நடுவே தேநீர் இடைவேளை. இந்த ஊரில் அதற்குத் தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸும் மீன் வைத்த பனிஸும் வைக்கிறார்கள். அன்றைக்கு நான் கேட்ட கருத்துகளில் மிக உறுதியானது அந்த ரோல்ஸின் காரம்.

அலுவிகாரைப் பக்கம் தங்க வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு மசாலாத் தோட்டம். வெளிநாட்டுக்காரர்களைப் பிடித்து ஏலம், கிராம்பு, கறுவா என்று ஒவ்வொரு செடியாகக் காட்டிவிட்டு, கடைசியில் எண்ணெய் விற்கிற இடம். முடி வளர ஓர் எண்ணெய், முடி உதிர ஓர் எண்ணெய். இரண்டும் ஒரே நிறத்தில் ஒரே அலமாரியில் இருந்தன. விற்றவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதெல்லாம் நம்பிக்கைதான் மிஸ்," என்றார். பகல் முழுக்க வட்டங்களைப் பார்த்து வந்தவளுக்கு அவர் நேர்மையானவராகத் தெரிந்தார்.

இரண்டாம் நாள் முன்மாதிரிக் கிராமம். நாலந்தாவையும் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே. பெயர் சொல்லப் போவதில்லை. வாசலில் தகரப் பலகை. யானை, குழந்தை, சின்னங்கள். எனக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. எல்லோரும் ஒரே மஞ்சள் நிற டி-ஷர்ட். மூன்று மொழியிலும் "எங்கள் யானை, எங்கள் பெருமை." வெற்றிலைக் கட்டை இரு கையாலும் நீட்டி வரவேற்றார்கள். அது அழகான வழக்கம், அதில் எனக்குக் குறை இல்லை.

வேலியைப் பார்க்கப் போனோம். மின்வேலி வேலை செய்கிறதா என்று பார்க்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. நீளமான பச்சைப் புல்லைப் பிடுங்கி, ஒரு முனையைக் கையில் பிடித்து, மறுமுனையைக் கம்பியில் வைத்து மெல்ல உள்ளே நகர்த்த வேண்டும். கரண்ட் இருந்தால் விரல் நுனி சுரீர் என்னும். நான் புல்லை வைத்தேன். நகர்த்தினேன். ஒன்றும் இல்லை. கம்பியையே தொட்டேன். அதுவும் ஒன்றும் இல்லை. சிவநேசன் வேறு பக்கம் பார்த்தார். கம்பி முழுக்கக் கொடி ஏறிப் பூத்திருந்தது. டாக்டர் அந்தப் பூவைப் படம் எடுத்துக்கொண்டார்.

"கரண்ட் குடுக்கிற பெட்டி எங்கே?" என்று கேட்டேன். கொமிட்டி ஆபீசில் இருக்கிறதாம். போனோம். கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி, பூட்டுப் போட்டு, உள்ளே வெல்வெட் துணிமேல் பெட்டி பளபளவென்று வீற்றிருந்தது. களவு போகாமல் இருக்க அங்கே வைத்திருக்கிறார்களாம். சாவி வைத்திருக்கும் செயலாளர் தம்புள்ளைக்குப் போயிருந்தார்.

பொருளாளர் விளக்கினார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, சிவநேசன் தமிழில் சொன்னார். முன்பெல்லாம் முறை வைத்து ஆட்கள் வேலியைச் சுற்றி நடப்பார்களாம். சிலபேர் வராமல் ஏமாற்றியதால், திட்டத்தின் ஆலோசனைப்படி, முறைக்கு வராதவர் தண்டம் கட்ட வேண்டும் என்று விதி வைத்தார்களாம். அன்றிலிருந்து ஒரு தகராறும் இல்லை. எல்லோரும் ஒழுங்காகத் தண்டம் கட்டிவிடுகிறார்கள். நடப்பதற்குத்தான் ஆள் இல்லை.

"தண்டப் பணத்தை என்ன செய்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டார்.

"அதிலதான் இந்த அலுமாரி வாங்கினவை எண்டு சொல்லுறார்," என்றார் சிவநேசன்.

டாக்டர் மகிழ்ந்துபோனார். சொந்தக் காலில் நிற்கும் நிதி ஆதாரம் என்றார். இதற்குள் வாசலில் நின்றிருந்த ஒரு பெண் என்னமோ சொன்னார். மஞ்சள் சட்டை போடாத ஒரே ஆள் அவர்தான். சிவநேசன் மொழிபெயர்க்கத் தயங்கினார்.

"என்ன சொல்றாங்க?"

"யானை வாறது எண்டு சொல்லுறா."

"எப்போ வருது?"

"ஒவ்வொரு இரவும் எண்டு சொல்லுறா." அதோடு எங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். பலாக்காய்க் கறி மிகவும் நன்றாக இருந்தது. வெற்றி பெற்ற ஊர்களில் சமையல் எப்போதும் நன்றாகவே இருக்கும்.

மூன்றாம் நாள், நிலப்பரப்பைப் புரிந்துகொள்வதற்காக டாக்டர் வேனை எடுத்துக்கொண்டு சிகிரியா போனார். நான் பஸ் ஏறினேன். முன்மாதிரிக் கிராமத்துக்கே திரும்பிப் போய், அந்த மஞ்சள் சட்டை போடாத பெண்ணிடம் பேசலாம் என்று எண்ணம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் நடத்துநர் நம்மைத் திட்டினாலும் நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். இங்கே நடத்துநர் சிரித்துக்கொண்டே என்னைக் கடத்திக்கொண்டு போய்விட்டார். பாட்டுச் சத்தத்தில் நான் கத்தியது கேட்கவில்லை. இறங்க வேண்டிய இடம் எங்கேயோ போய், தெரியாத ஒரு சந்தியில் வெயிலில் நின்றேன்.

சந்தியில் ஒரே ஒரு கடை. ஆணி, கருவாடு, பாண் ரொட்டி, பற்றரி எல்லாம் ஒரே மேசையில். உள்ளே சாரமும் பெனியனும் தொப்பியுமாக ஒரு பெரியவர், பெயர் ஹனிபா. என் தமிழைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். "இந்தியாவா? நாகூருக்கு வந்திருக்கேன் தங்கச்சி. எல்லாம் சரிதான், ஆனா தேத்தண்ணிய மருந்து மாதிரி சின்னக் கிளாஸ்ல தர்றீங்க. அத ஏன் அப்படி?" பதில் சொல்வதற்குள் ஒரு செம்பு அளவுக்குத் தேநீர் வந்தது.

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். மனிதர் கடையைச் சாத்திவிட்டார்.

"அதையா வேலின்னு காட்டினாங்க? வாங்க. வேலின்னா என்னன்னு நான் காட்டுறேன்."

இப்படி மார்தட்டுகிறவர்களைக் கண்டாலும் எனக்குப் பிடிக்காது. வழி நெடுக அவருடைய கடை, அவருடைய த்ரீவீல், அவருடைய மகளின் கணவருக்குக் கட்டார் நாட்டில் இருக்கும் செல்வாக்கு. சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குளம் வந்தது. கரையின் ஒரு பக்கம் முஸ்லிம் வீடுகள், மறுபக்கம் சிங்கள வீடுகள், கீழே ஒரே வயல்வெளி, அறுவடைக்குச் சில நாளே இருக்கும் மஞ்சள். அதைச் சுற்றிலும் காட்டுத்தடியில் கட்டிய கம்பி. பலகை இல்லை. பார்த்தால் யாரோ அவசரத்துக்குக் கட்டியது போல இருந்தது.

புல்லைப் பிடுங்கி வைத்தேன். முழங்கை வரைக்கும் இழுத்தது. ஹனிபா சிரித்த சிரிப்பை இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போதுதான் முறையைச் சொன்னார். போகம் தொடங்கும்போது சீட்டுப் போடுவார்கள். வேலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே ஒரு கட்டுப்பாடு: தன் வயலை ஒட்டின துண்டு தனக்கு வரக் கூடாது. வந்தால் சீட்டைத் திரும்பப் போட வேண்டும். தினமும் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு இருட்டும் முன், அவரவர் துண்டில் நடந்து, கம்பியில் முட்டும் புல்லை வெட்டி, சாய்ந்த தடியை நிமிர்த்திவிட்டு வர வேண்டும். இருட்டிய பிறகு வேலிப் பக்கம் யாரும் போகக் கூடாது. யானை வெளியே வந்து நிற்கும்.

"ஏன் அவங்கவங்க வயலை அவங்கவங்க பாக்கக் கூடாது?"

"என் வயல்னா, மழை வந்தா படுத்துருவேன் தங்கச்சி. தின்னா என் நெல்லுதானேன்னு நெனப்பேன். ஆனா யானை ஒரு வயலோட நிக்குமா? அடுத்தவன் வயல்னா படுக்க ஏலாது. காலைல அவன் மொகத்துல முழிக்கணும்."

எங்கள் ஊரில் பங்காளி தோட்டத்துக்கு யானையை வழிகாட்டி அனுப்பக்கூடிய ஆட்களை எனக்குத் தெரியும். இந்த ஊர்க்காரர்களும் அப்படி ஒன்றும் தங்கக் கட்டிகள் இல்லை. நாங்கள் நின்ற நேரத்திலேயே குளத்துத் தண்ணீரை யார் முந்தித் திறந்தது என்று இரண்டு பேர் கரையில் ஏசிக்கொண்டிருந்தார்கள். ஏசி முடித்துவிட்டு ஆளுக்கு ஒரு கத்தியோடு ஒருவர் வயலை மற்றவர் பார்க்கப் போனார்கள். திரையில் கைகோத்து நின்றவர்களில் இப்படி இரண்டு பேரை நான் பார்க்கவில்லை.

ஹனிபாவின் சீட்டுக்கு வந்தது சுமனாவதி என்ற பெண்ணின் வயலை ஒட்டிய துண்டு. அவரும் அங்கேதான் இருந்தார், தகர டின்னைத் தட்டிக் குருவி விரட்டிக்கொண்டு. கணவர் கொழும்பில் காவல் வேலை. இவர் தனியாகத்தான் இந்த வயலைச் செய்கிறார். அடுத்த போகம் வரைக்கும் வீட்டுச் சோறும் விதை நெல்லும் இதிலிருந்துதான் என்றார் ஹனிபா. ஹனிபாவின் சொந்த வயலை ஒட்டிய துண்டு யாருக்கு விழுந்தது என்று கேட்டேன். இந்தப் போகம் அது சுமனாவதிக்கே விழுந்ததாம். "என்னைப் பத்தி அவங்களுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்ல. வாய் கூடின ஆளுன்னு சொல்லுவாங்க. ஆனா ஒரு நாள் தவறினதில்ல," என்றார். வாய் விஷயத்தில் நான் அந்த அம்மாவின் கட்சி.

"யாராவது தவறினா? தண்டம் உண்டா?"

"தண்டம் இல்ல. தவறி, யானை பூந்துட்டா, யாருட வயல் போச்சோ அவங்கட ஊட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் இந்தத் தண்டனையை அறிவித்தால் வரிசையில் நிற்பார்கள், வடை உண்டா என்றும் கேட்பார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் வடையைப் பற்றிப் பேச்சை மாற்றினார்.

திரும்பும் வழியில் குளத்தைக் காட்டி ஒன்று சொன்னார். முன்பு இங்கேயும், யானை இடறினால் தானே சுடும்படி கட்டி வைக்கிற கட்டுத்துவக்கு உண்டு. பூசணிக்காய்க்குள் வெடி வைப்பதும் உண்டு. அப்படி வாய் வெடித்த ஒரு பெண் யானை இந்தக் குளத்தில் வந்து நின்றதாம். தின்ன முடியாது. தண்ணீரில் நின்றபடியே நாள்கணக்கில் மெலிந்து செத்ததாம். இரண்டு கரை ஆட்களும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். இப்போது அறுப்பு முடிந்ததும் கம்பியைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். யானைகள் உள்ளே வந்து அறுத்த நெல்லின் தாளைத் தின்றுவிட்டுப் போகும். "அது அதுகட முறை," என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் மெதுவாகத்தான் சொன்னார். வழி நெடுக அவரைச் சகித்துக்கொண்டது எனக்கு அப்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

உண்மையிலேயே நிற்கிற வேலி ஒன்றைப் பார்த்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரவுச் சாப்பாட்டில் டாக்டரிடம் சொன்னேன்.

நான்காம் நாள் குளக்கரைக்கு வேன் வந்தது. டாக்டர், நான், சிவநேசன், ஒரு கேமரா, முக்காலி, குடை போல விரியும் ஒரு வெள்ளித் துணி. ஹனிபா இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். அவர் மனைவி நெய்ச்சோறும் கோழியும் செய்து, இன்னும் போடவா என்று கேட்காமலே போட்டார். சாப்பிட்டதும் கேள்விகள் தொடங்கின. வெற்றிக்குக் காரணங்கள் என்ன? அவற்றை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த முடியுமா? இது வேறு ஊர்களுக்குப் பொருந்துமா? பத்து வருடம் கழித்தும் இருக்குமா? டாக்டர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் கேட்டேன். ஹனிபாவும் லேசுப்பட்டவர் இல்லை. கேமராவைக் கண்டதும் அவருக்குச் சுருதி ஏறியது. ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொன்னார்.

நடுவில் இடித்து மழை பெய்தது. விட்டது. பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வந்தவர் நிலைக்கண்ணாடிக்கு மேலே இருந்த கத்தியை எடுத்தார். "ஒருக்கா வேலியப் பாத்துட்டு வந்துர்றேன்."

மழைக்குப் பிறகு வெளிச்சம் பொன்னாக இருக்கிறது, இதைத் தவறவிடக் கூடாது என்றார் டாக்டர். "இன்னும் ஒரே கேள்விதான்," என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகும் அதையே சொன்னேன். வேலி ஏன் ஒரு நாளும் தவறவில்லை என்பதை வயலைப் பார்த்தபடி நின்று இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டோம். அவர் கத்தியைக் கையில் பிடித்தபடி, மிக நன்றாகச் சொன்னார். கத்தி இருந்ததால் படம் இயல்பாக வந்தது என்று டாக்டருக்குத் திருப்தி. முடித்தபோது வயலின் மறுபக்கம் தெரியவில்லை.

ஹனிபா வாசலில் நின்று இருட்டைப் பார்த்தார். "நேத்து பாத்ததுதானே," என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஒரு நாள்தானே," என்று நானும் சொன்னேன். வெறும் மரியாதைக்குச் சொன்னேன். வேனில் ஏறியதும் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிவநேசனுக்குப் போன் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து நான் தட்டைத் தள்ளி வைத்தேன். மழைக்காற்றில் ஒரு பட்ட கிளை முறிந்து கம்பிமேல் விழுந்து, கம்பி சேற்றில் அழுந்திக் கிடந்திருக்கிறது. நடந்து போன எவரும் ஒரு கையால் தூக்கிப் போட்டிருக்கக்கூடிய கிளை. இரவு யானைகள் அந்த வழியாக நுழைந்து, சுமனாவதியின் வயலில் தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம். அடுத்த வயலுக்குள் போகும் முன் ஊர் விழித்துக்கொண்டது. விரட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யானைக்கும்.

வேலி ஏன் தவறுவதில்லை என்று கேட்டுக் கேட்டே அதைத் தவற வைத்துவிட்டோம். இதைவிட மூடத்தனமான ஆராய்ச்சியை நான் கேள்விப்பட்டதில்லை. டாக்டருக்கும் வருத்தம்தான். ஆனால் அன்று நிறைவு அமர்வு, அதற்குப் பெரிய இடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நஷ்டஈட்டுக்குத் திட்டத்தில் ஏதாவது தலைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நான் நிறைவு அமர்வில் பாதியில் எழுந்து வந்து பஸ் ஏறினேன். இந்த முறை நடத்துநரின் சட்டையைப் பிடித்து இழுத்து, சந்தியில் இறங்கினேன்.

கடை திறந்துதான் இருந்தது. ஹனிபா கதிரையை இழுத்துப் போடவில்லை.

"போனீங்களா?" என்றேன்.

"இன்னும் இல்ல. காலைல இருந்து போகணும் போகணும்னு இருக்கேன்."

"நானும் வர்றேன்."

"நீங்க வெளி ஆள். உங்களுக்கு அது இல்ல."

"ஒரே கேள்வின்னு சொன்னது நான்தானே," என்றேன். அவர் கடையைச் சாத்தினார். அன்று வழியில் மகளின் கணவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சுமனாவதி வீட்டு முற்றத்தில் சேறோடு அறுத்து எடுத்த கதிர்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மிதிபட்டதில் தேறியது அவ்வளவுதான். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பிளாஸ்டிக் கதிரை வந்தது. பிறகு பால் இல்லாத தேநீர், கித்துள் கருப்பட்டித் துண்டோடு. அவரும் எதிரே ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் தேவலை என்றுகூட இருந்தது. எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஹனிபா மொழிபெயர்த்தார். எங்கள் ஊரிலும் யானை வருமா என்று கேட்டார். வரும் என்றேன். அங்கே என்ன பயிர் என்று கேட்டார். வாழை என்றேன். வாழை என்றால் ஒன்றும் மிஞ்சாதே என்று வருத்தப்பட்டார். எனக்காக வருத்தப்பட்டார்.

யானை புகுந்த எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கெல்லாம் நான் கேள்வி கேட்கிறவள். இங்கே கேள்வி கேட்டது அவர், தேநீரைக் கையில் வைத்திருந்தது நான். கண்ணை எங்கே வைத்தாலும் அந்த ஈரக் கதிர்கள்தான் தெரிந்தன. தாங்க முடியாமல் கைப்பையைத் திறந்து பர்சை எடுத்தேன்.

ஹனிபாவின் கை என் கைமேல் வந்து அழுத்தியது. அந்த மனிதர் அதுவரை என் பக்கத்தில்கூட நெருங்கி நின்றதில்லை.

"உள்ள வைங்க," என்றார் மெதுவாக. "அதக் குடுத்துட்டா நீங்க எழும்பிப் போயிரலாம்."

பர்சை உள்ளே வைத்தேன். கண்ணாடி அலுமாரியும் மஞ்சள் சட்டைகளும் எனக்கு அந்தக் கதிரையில்தான் புரிந்தன. அங்கே தண்டத்தை வாங்கிக்கொண்டு எல்லோரையும் எழுந்து போக விட்டிருந்தார்கள்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. சுமனாவதி வெயிலைப் பார்த்துவிட்டு எழுந்தார். கூரைச் சட்டத்தில் செருகியிருந்த கத்தியை எடுத்தார். சேறு காயாத செருப்பைக் காலில் மாட்டினார். எங்கே போகிறார் என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. ஹனிபாவுக்குத் தெரிந்துவிட்டது. பாய்ந்து எழுந்தார், சிங்களத்தில் கெஞ்சுவது போல ஏதோ சொன்னார், கத்திக்குக் கை நீட்டினார். அந்தப் பெண் கத்தியைக் கொடுக்கவில்லை. சின்னதாக ஒன்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கினார். ஹனிபா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"என் வயலை இன்னைக்கு நானே பாத்துக்கிறேன்னு சொன்னேன். 'உங்கட வயல் உங்கட வேலை இல்ல'ங்கிறாங்க."

சுமனாவதி தன் மிதிபட்ட வயலைக் கடந்து, ஹனிபாவின் வயலை ஒட்டிய வேலிப் பக்கம் போனார். அங்கே குனிந்து புல் வெட்டுவது தூரத்தில் தெரிந்தது. ஒரு கதிர்கூடச் சாயாமல் நின்ற வயல் அது. வாய் கூடின அந்த மனிதர் தன் தேநீரைக் கையில் எடுத்தார்.

"குடிங்க," என்றார் ஹனிபா. "மிச்சம் வைக்கக் கூடாது."

தேநீர் ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் குடித்து முடித்தோம்.